குளிர்காலத்துல பெரிய ஏரியில பாஸ் மீன் மாட்டுமா? எங்க, எப்படித் தேடணும்?

கேள்வி கேட்டவர் அட்லாண்டா பக்கம் புதுசா குடிவந்திருக்காராம், ஜனவரியில லேக் லேனியர்ல தூண்டில் போட்டா பாஸ் கிடைக்குமா, இல்ல மார்ச் வரைக்கும் ராடை கராஜ்லயே மாட்டி வச்சிடணுமானு கேக்கறார். மாட்டி வைக்காதீங்க. எனக்கு லேனியர்ல பிடிச்ச சீசனே டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான். ஜெட் ஸ்கீ தொல்லை இல்ல, பாட்டைப் போட்டுட்டு அலையைக் கிளப்பிட்டுப் போற போட்டுங்க இல்ல, போட்டை ஏரியில இறக்கற ராம்ப்ல பார்க்கிங் சண்டை இல்ல, ஏரியே உங்களுக்கு எழுதி வச்ச மாதிரி கிடக்கும்.

யூட்யூப்ல யாரைக் கேட்டாலும் குளிர்காலம்னா மெதுவா இழு, இன்னும் மெதுவா இழுனுதான் சொல்வாங்க. மீனுக்கு ரத்தம் குளிர்ந்தது, தண்ணி சில்லுனு ஆனா அதுக்குப் பசியும் குறையும் வேகமும் குறையும், அதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனா மீனே இல்லாத இடத்துல எவ்வளவு மெதுவா இழுத்து என்ன புண்ணியம்? லேனியர் கிட்டத்தட்ட 38,000 ஏக்கர், கரை மட்டும் சுமார் 690 மைல் வரும், அதுல குளிர்காலத்துல மீன் இருக்கற தண்ணி ரொம்ப கொஞ்சம், ஆனா அந்தக் கொஞ்சத்துல கூட்டம் கூட்டமா இருக்கும். அதனால இடம் முதல்ல, ஆழம் ரெண்டாவது, வேகம் எல்லாம் அதுக்கப்புறம்தான், லூர், அதாவது போலி இரை, அதோட கலர் பத்தி நான் பேசவே மாட்டேன்.

மீன் ஏன் இடம் மாறுதுன்னா, கோடைக்காலத்துல ஏரித் தண்ணி ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்கும், மேல சூடு, கீழ குளிர்ச்சி, நாளாக நாளாக கீழ் அடுக்குல ஆக்சிஜன் தீர்ந்து போகும், அதனால மீன் ரொம்ப ஆழத்துக்கு இறங்க முடியாது. இலையுதிர் காலம் முடியறப்ப மேல் தண்ணி குளிர்ந்து கனமாகி கீழ இறங்கி மொத்த ஏரியும் கலங்கிக் கலந்துடும், இதைத்தான் டர்ன்ஓவர்னு சொல்றாங்க. அது முடிஞ்சதும் மேல இருந்து அடி வரைக்கும் எங்க வேணா மூச்சு விடலாம். லேனியர் தெற்குல இருக்கறதால வடக்கு ஏரிகள் மாதிரி மேல ஐஸ் கட்டி மூடிக்காது, நடு ஜனவரியில தண்ணி 45ல இருந்து 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸ்ல ஏழுல இருந்து பத்து, அந்த வாக்குல நிக்கும். இங்க இருக்கற ஸ்பாட்டட் பாஸுக்கு அந்தக் குளிர் ஒரு பெரிய விஷயமே இல்ல, லார்ஜ்மவுத்ங்கற இன்னொரு பாஸ் வகையை விட இது குளிர்ல சுறுசுறுப்பாவே இருக்கும்.

அதோட சாப்பாடு ப்ளூபேக் ஹெர்ரிங், அப்புறம் த்ரெட்ஃபின் ஷாட்னு ரெண்டு பொடி மீனுங்க. ஷாடுக்குக் குளிர் ஆகாது, தண்ணி 45க்குக் கீழ போனா தலை சுத்தி மிதக்க ஆரம்பிச்சுடும், அதுவே பாஸுக்கு விருந்து. இந்தப் பொடி மீனுங்க எங்க போகுதோ பாஸ் அங்க, அவ்வளவுதான் மொத்த சூத்திரமும்.

இப்ப டிட்ச், அதாவது ஏரிக்கு அடியில ஓடற பள்ளம், அதைப் பத்தி சொல்லியே ஆகணும், லேனியர்ல குளிர்காலம்னாலே டிட்ச்தான். சட்டஹூச்சி ஆத்துக்குக் குறுக்க 1950கள்ல ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் பியூஃபோர்ட் அணையைக் கட்டினப்ப முங்கினது சமவெளி இல்ல, மலையடிவாரம், அதனால தண்ணிக்கு அடியில பழைய ஓடைகளும் மழைத்தண்ணி அரிச்ச பள்ளங்களும் அப்படியே இருக்கு. கரை உள்வாங்கின ஒவ்வொரு சின்ன கோவ்லயும் நடுவுல ஒரு பள்ளம் கரையில இருந்து ஆழத்துக்கு ஓடும். விடியறதுக்கு முன்னாடி வெளிச்சம் கம்மியா இருக்கறப்ப ஹெர்ரிங் இந்தப் பள்ளத்து வழியா கரைப்பக்கம் ஏறி வரும், பின்னாடியே பாஸும் வரும், அந்த நேரத்துல பத்து அடித் தண்ணியில கூட நல்ல மீன் நிக்கும். வெயில் ஏற ஏற அதே பள்ளத்து வழியா திரும்பி இறங்கி பத்து பதினொரு மணிக்கெல்லாம் 30, 40 அடியில போய் உக்காந்துடும். நிறைய பேரு காலையில மாட்டின இடத்துலயே மதியம் வரைக்கும் வீசிட்டு மீன் கடிக்கறதை நிறுத்திடுச்சுனு புலம்பறாங்க, மீன் நிறுத்தல சார், நூறு அடி தள்ளி கீழ இறங்கிடுச்சு, போட்டை பின்னாடி எடுத்து அதே பள்ளத்துல ஆழத்துல போடுங்க.

எந்த டிட்ச்னு எப்படித் தெரியும்னா, வானத்தைப் பாருங்க. குளிர்காலத்துல லூன் பறவையும் கடற்புறாக்களும் லேனியருக்கு வரும். ஒரு லூன் முங்கி முங்கி எழுந்தா அங்க பொடி மீன் இருக்குனு அர்த்தம், தண்ணிக்கு அடியில மீனைக் காட்டற என்னோட ஃபிஷ் ஃபைண்டர் சோனாரை விட அதை நான் அதிகமா நம்பறேன். லைவ்ஸ்கோப் மாதிரி முன்னாடி பாக்கற சோனார் இருந்தா சுலபம்தான், மறுக்கல, ஆனா புதுசா ஆரம்பிக்கறவர் ஆயிரக்கணக்குல டாலர் அதுக்குக் கொட்ட வேண்டியதில்ல, சாதாரண சோனார்லயே பள்ளத்தோட அடியும் அதுக்கு மேல மேகம் மாதிரி பொடி மீன் கூட்டமும் தெரியும், அது போதும்.

லூர் விஷயத்துல சுருக்கமா சொல்றேன். காலையில கரைப்பக்கம் ஜெர்க்பெய்ட், அதாவது பொடி மீன் மாதிரி இருக்கற நீளமான லூர், ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அஞ்சு பத்து செகண்ட் அப்படியே விடுங்க, அல்லது அடியில சுழல்ற தகடு வச்ச சின்ன அண்டர்ஸ்பின்னை தரையை ஒட்டி சுத்துங்க. ஆழத்துக்குப் போனதும் டிராப் ஷாட், அதாவது ஈயக்குண்டு அடியில, முள்ளும் நாலு இன்ச் பிளாஸ்டிக் புழுவும் அதுக்கு ஒரு அடி மேல, 6 இல்லன்னா 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. கூட்டம் நேர் கீழயே நின்னா கனமான உலோக லூரான ஜிக்கிங் ஸ்பூனை இறக்கி மேலயும் கீழயும் ஆட்டுங்க. மரம் நிக்கற இடத்துல ஸ்பூன் போட்டா போனது போனதுதான், அணை கட்டறப்ப வெட்டின மரங்களோட மிச்சம் 30 அடிக்கும் கீழ இன்னும் நட்டுக்க நிக்குது.

கடி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். ஊர்ல விரால் தவளையை அடிக்கற அடி மாதிரி ஒரு வெடிப்பை எதிர்பார்த்துட்டு நின்னீங்கன்னா பாதி மீன் உங்களுக்குத் தெரியாமலே துப்பிட்டுப் போயிடும். ஆழத்துல லூரை மெல்ல தூக்கறீங்க, திடீர்னு ஈரத்துணி சிக்கின மாதிரி லேசா ஒரு கனம், டொக்குனு தட்டறது எல்லாம் இல்ல, சில சமயம் கனம் கூட இல்லாம நரம்பு லேசா தொய்ஞ்சு போகும், ஏன்னா மீன் கவ்விட்டு மேல வந்துடுச்சு. சந்தேகம் வந்தா சுத்தி இறுக்குங்க, வேகமா வெட்டி இழுக்கத் தேவையில்ல, மெல்லிசு முள்ளு தானா இறங்கிடும்.

அப்புறம் ராடு நுனி வளையத்துல ஐஸ் பிடிக்கற விஷயம். காத்து உறைநிலைக்குக் கீழ இருக்கற காலையில நரம்பு கொண்டு வர ஈரம் நுனி வளையத்துல மணி மணியா உறைஞ்சு ஓட்டையையே அடைச்சுடும், அதைக் கவனிக்காம பலமா வீசினா நரம்பு அறுந்து லூர் மட்டும் பறக்கும். வளையத்துல லிப் பாம் தடவினா கொஞ்ச நேரம் தாங்கும், இல்லன்னா நுனியைத் தண்ணிக்குள்ள முக்கி எடுங்க, ஏரித் தண்ணி காத்தை விட சூடு, கரைஞ்சுடும். விரலால உடைக்காதீங்க, வளையத்துக்குள்ள இருக்கற செராமிக் போயிடும்.

போட்டு இல்லாதவங்க மனசு விட வேண்டாம். கரைக்குப் பக்கத்துலயே ஆழம் இறங்கற இடம் தேடுங்க, பாலத்து ஓரம், கல் கொட்டின கரை, பாறைச் சரிவு. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து வெயில் அடிச்ச மதியத்துல அந்தக் கல்லுங்க சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், பக்கத்துத் தண்ணி ஓரிரு டிகிரி ஏறினாலே மீன் மேல வரும். கரையில இருந்து போறவங்க விடியக்காலை குளிர்ல நடுங்காம மதியம் ரெண்டு மணிக்குப் போறதே நல்லது.

போட்லயோ கயாக்லயோ போறவங்களுக்கு ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில வைக்காதீங்க, போட்டுக்குங்க. இந்தக் குளிர் தண்ணியில விழுந்தா முதல் 1 நிமிஷம் மூச்சு கட்டுக்கு வராது, அடுத்த 10 நிமிஷம் வரைக்கும்தான் கை கால் சொன்ன பேச்சு கேக்கும், கிட்டத்தட்ட 1 மணி நேரத்துல நினைவு தப்பும். நீச்சல் தெரியுமா தெரியாதாங்கறது அங்க பேச்சே இல்ல, ஜாக்கெட் இருந்தாத்தான் அந்த ஒரு மணி நேரமே உங்களுக்குக் கிடைக்கும். 26 அடிக்குச் சின்ன மோட்டார் போட்ல ஓட்டறவர் விழுந்தா இன்ஜினை நிறுத்தற கில் ஸ்விட்ச் மாட்டிக்கறது 2021 ஏப்ரல்ல இருந்து சட்டமாவே ஆயிடுச்சு. வீட்ல எந்தப் பக்கம் போறீங்க எப்ப வருவீங்கனு சொல்லிட்டுப் போங்க, குளிர்காலத்துல நம்மளைப் பாத்து உதவ அங்க வேற போட்டே இருக்காது. ராம்ப்லயும் பாத்து நடங்க, முன்னாடி போன ட்ரெய்லர் சொட்டின தண்ணி உறைஞ்சு கண்ணாடியா இருக்கும்.

ஆழத்துல இருந்து மீனைத் தூக்கறவங்க இதையும் பாத்துக்கணும், 30, 35 அடிக்குக் கீழ இருந்து வேகமா மேல வந்தா அதோட காத்துப் பை உப்பிடும், விட்டா கீழ இறங்க முடியாம மல்லாந்து மிதக்கும். போட்டோ கீட்டோனு வச்சுக்கிட்டு இருக்காம உடனே தலைகீழா தண்ணியில விடுங்க, பெரும்பாலும் இறங்கிடும். ஊசி குத்திக் காத்தை எடுக்கற வேலையைத் தெரிஞ்சவர் பக்கத்துல நின்னு காட்டாம செய்யாதீங்க.

லைசென்ஸ் 16 வயசுல இருந்து கட்டாயம், ஜார்ஜியா மாநில இயற்கை வளத் துறையான டிஎன்ஆர் சைட்லயே வாங்கிடலாம். முதல் தடவைக்கு ஏரியோட தெற்குப் பக்கம் இறங்குங்க, யங் டியர் க்ரீக், பால்ட் ரிட்ஜ் பக்கம், தண்ணி தெளிவா இருக்கும், டிட்ச்சும் ஒண்ணை விட்டா ஒண்ணு வரிசையா இருக்கு. மழை பேஞ்சு ரெண்டு நாள் ஆகியிருந்தா வடக்குப் பக்கம் போகவே போகாதீங்க, ஆத்துல இருந்து செம்மண் தண்ணி வந்து டீ கலர்ல நிக்கும்.