அரசுப் பள்ளிகளுக்கு நிதியைக் கூட்டினால் கல்வித் தரம் கூடுமா?

கூடும். ஆனால் அந்தப் பணம் எதற்கு, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். கண்ணால் பார்ப்பதை வைத்தே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி. "இவ்வளவு கொட்டியும் பிள்ளைகளுக்குச் சரியாக வாசிக்க வரவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். இதில் பெரும்பகுதி சம்பளம். அதை வீண்செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? ஆனால் சின்னப் பள்ளிகளில் அந்த ஆசிரியர்கள் போதவில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். முப்பது பேருக்கு ஒருவர், கணக்கு சரிதான். வகுப்புகள் ஐந்தாயிற்றே! எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரு டீச்சர், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் (எச்.எம்.) பொறுப்பு. எச்.எம். பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே அறையில். டீச்சர் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கை போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கப் போவார். மீதி வந்தால் என்ன செய்வதென்று தெரியாத பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். அடுத்த வருஷம் அதற்குப் பின்னம் எப்படிப் புரியும்? இங்கே மூன்றாவதாக ஒரு ஆசிரியர் வேண்டும். ஸ்மார்ட் போர்டெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்து பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000 என்று வகுத்திருக்கிறார்கள். சாக்பீஸ், பதிவேடு, குழாய், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதற்குள்தான். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. பத்தாயிரத்தில் அது ஆயிரம் ரூபாய். 28 பேர் படித்தாலும் 31 பேர் படித்தாலும் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட ஆகும் செலவு ஒன்றுதானே? கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றதும், பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் வேன் வருகிற தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறைகிறது, மானியம் குறைந்தால் இன்னும் நாலு பேர் போகிறார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள், பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது அநியாயம் இல்லையா?

சரியான இடத்தில் விழுந்த பணத்துக்குக் காலை உணவுத் திட்டம் ஒரு சாட்சி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. விடியுமுன் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்கள் பிள்ளைகள் இப்போது சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்காருகிறார்கள். முதல் பீரியடிலேயே சுருண்டு படுக்கிற பிள்ளையை இப்போது நான் பார்ப்பதில்லை.

தலைக்கணக்கு பார்க்காமல் எந்தப் பள்ளிக்கும் குறைந்தது ரூ.50,000 மானியம், எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர்கள். இந்த இரண்டையும் எங்கள் குழுவில் தீர்மானமாகப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, அங்கேயும் போடச் சொல்லுங்கள்.