மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் சீன மூலிகை மருந்து எதற்காகத் தரப்படுகிறது?

சீனாவின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் நவீன மருத்துவத்தோடு மரபுச் சீன மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. மார்பக அறுவை முடிந்த பெண்கள் பலர் அங்கே மூலிகைக் கஷாயம் குடிக்கிறார்கள். இதன் அடிப்படைக் கருத்து 'ஃபூ ஜெங்'. தளர்ந்த உடலின் இயல்பான வலிமையைத் தாங்கிப் பிடித்தல் என்று பொருள். சோர்வும் பசியின்மையும் நீங்க 'ஹுவாங் சீ' என்ற வேரை அதிகம் சேர்ப்பார்கள்.

களை பறித்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். களையை அகற்றியது அறுவை சிகிச்சை. மூலிகை, களைத்த மண்ணுக்கு இடும் எரு. ஆனால் எஞ்சிய வேர் ஒன்று மண்ணுக்குள் இருந்தால் அதே எரு அதற்கும் போய்ச்சேரலாம். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளர்பவை. பெண்களுக்கான டானிக்குகளில் வழக்கமாகச் சேரும் 'டாங் குய்' வேருக்கு அந்த ஹார்மோனைப் போன்ற தன்மை இருக்கலாம் என்ற ஐயம் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் அந்த வேர் இரத்தக் கசிவையும் கூட்டலாம். ஆகவே புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், குடிக்கும் கஷாயத்தின் ஒவ்வொரு பொருளையும் புற்றுநோய் மருத்துவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். கீமோதெரபிக்கோ கதிர்வீச்சுக்கோ இது மாற்று அல்ல.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று பலரும் நினைக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம், அதில் இருந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடி.