‘லவ் அண்ட் மெர்சி’ படத்தில் பிரையன் வில்சனாக ஏன் இரண்டு நடிகர்கள்?

சுருக்கமாகச் சொன்னால், 1960-களில் இருந்த பிரையனும் 1980-களில் இருந்த பிரையனும் கிட்டத்தட்ட வேறு வேறு ஆட்கள், அதனால்தான். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் மூளையாக இருந்த இளைஞனாக பால் டேனோவும், மருந்துகளுக்கு நடுவே தொலைந்துபோன நடுவயதுக்காரராக ஜான் குசாக்கும் நடிக்கிறார்கள். இருவரும் ஒரே ஜாடை இல்லையே என்று முதலில் உறுத்தும், ஆனால் அந்த இடைவெளியில்தான் மனநோய் அந்த மனிதரிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொண்டது என்பதே புரிகிறது.

இதில் குடும்பம் வெறும் பின்னணி இல்லை. அப்பா மர்ரி வில்சன்தான் குழுவின் முதல் மேலாளர், அடிக்கிறவர். 1969-இல் மகனுடைய பாட்டுகளின் உரிமையை ஏறக்குறைய 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். படத்தில் ஒரு காட்சி: பிரையன் பியானோவில் உட்கார்ந்து, தான் எழுதிய புதுப் பாட்டை அப்பாவிடம் தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டுவான், அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

அப்புறம் யூஜின் லாண்டி. சிகிச்சை தருகிறேன் என்று வந்து சாப்பாடு, நண்பர்கள், பணம் எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்ட உளவியலாளர். அப்பாவுக்குப் பதில் இன்னொரு அப்பா மாதிரி. பிற்பாடு பிரையனின் மனைவியான மெலிண்டாவும் குடும்பத்தாரும் போராடி, 1992-இல் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் லாண்டி முழுசாக விலகினார்.

முடிந்தால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள், பிரையன் தலைக்குள் கேட்ட குரல்களை ஒலியாகவே கட்டியிருக்கிறார்கள்.