கல்வாழை நட்டால் சாக்கடைத் தண்ணீர் தெளியுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள், நூறு பேர். பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் வழிந்தால் அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் ஓடிவிடுகிறது. ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு அதில் விட்டால் தெளியும் என்கிறார்கள். நம்பலாமா? கொசு வராதா?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: நம்பலாம் அம்மா. அந்தக் காலத்தில் குளித்த தண்ணீரைப் புழக்கடை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட்டார்களே, அதை முறையாகச் செய்வதுதான் இது. ஆனால் அழுக்கைத் தின்பது செடி அல்ல. ஜல்லியிலும் வேரிலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். கல்வாழையோ சம்பங்கோரையோ அவற்றுக்கு வீடு கட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர் என்று வையுங்கள். நூறு பேருக்கு 1,600 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆழம் இரண்டடி போதும். அடியும் பக்கமும் கசியக் கூடாது. தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு நான்கைந்து விரற்கடை கீழேயே ஓட வேண்டும். வெளியேறும் குழாயின் எல்போவை (வளைவுத் துண்டை)த் திருப்பி மட்டத்தைச் சரிசெய்யலாம். மேலே தண்ணீர் தெரிந்தால்தான் கொசு வரும்.

புறநகர்ப் பள்ளி ஒன்றில் நான் போட்ட முதல் படுகை ஆறே மாதத்தில் அடைத்துக்கொண்டது. நுழைவுப் பக்கம் குளமாக நின்றது. கையை விட்டுப் பார்த்தேன்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கறுப்புப் பசை, அழுகின முட்டை வாடை. பழைய செப்டிக் டேங்கில் பல வருஷ வண்டல்; அது அப்படியே படுகைக்குள் வந்திருக்கிறது. கிரஷர் ஜல்லியைத் தூசி போகக் கழுவாமல் கொட்டவிட்டதும் என் தவறு. முதல் ஆறடி ஜல்லியை வாரி, அலசி, மறுபடி போட்டோம். டேங்கைத் திறந்து பார்க்காமல் அதன்பிறகு நான் எங்கேயும் படுகை போட்டதில்லை.

ஆகவே முதல் செலவு டேங்குக்கு. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரியை வைத்து வண்டலை உறிஞ்சுங்கள். உள்ளே ஆளை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். எத்தனை உயிர் போயிருக்கிறது!

தெளிந்து வரும் தண்ணீரை மரங்களுக்கு விடுங்கள். கீரைக்கு வேண்டாம், கிருமி முழுவதும் போயிருக்காது.

சதுப்பு நிலமே இருக்கும்போது தனியாகப் படுகை எதற்கு என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்கலாம். பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். வலசைப் பறவைகள் இறங்கும் தண்ணீர் அது. தெளியாத சாக்கடையை அதன் தலையில் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் நம் மனையிலேயே ஒரு சின்னச் சதுப்பைக் கட்டுகிறோம்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாய் படுகைப் பக்கம் திரும்பியிருந்தால் முதலில் மாற்றுங்கள். ஐப்பசி மழை ஒரே நாளில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். நடவைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குள் வேர் பிடித்துவிடும்.