வாசகர் கேள்வி - பதில்: பாரிஸ் பாந்தியோன்

கேள்வி: ஒரு முற்பகல் மட்டுமே கையில் இருக்கிறது. பிரான்சின் பெரியோர் நினைவிடமான பாரிஸ் பாந்தியோனை எந்த வரிசையில் பார்ப்பது? போன முறை ஊசலுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றும் அது திரும்பியதாகவே தெரியவில்லையே!

பதில்: பத்து நிமிடத்தில் தெரியாதுதான். பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்ட இயற்பியலாளர் ஃபூக்கோ 1851இல் இங்கே 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டிய ஊசலின் மறுபதிப்பு அது. பாரிஸ் இருக்கும் அட்சரேகையில் அதன் ஆட்டத் தளம் மணிக்குச் சுமார் 11 பாகைதான் நகரும். பத்து நிமிடத்துக்கு இரண்டு பாகைகூடத் தேறாது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம் பிடிக்கும்.

அதனால் ஊசலிலிருந்தே தொடங்குங்கள். குண்டு எந்தக் குறிக்கு நேராக ஆடுகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பின்கோடியில் உள்ள படிகள் வழியாகக் கல்லறைகள் உள்ள நிலவறைக்கு இறங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து அதே இடத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நிலவறை வாசலில் தத்துவ எழுத்தாளர்களான வொல்தேரும் ரூசோவும் எதிரெதிரே இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் மோதிக்கொண்டவர்களுக்கு இப்படியோர் அண்டை வீடு! ரூசோவின் பேழையில் கதவிடுக்கிலிருந்து தீவட்டி ஏந்திய கை நீண்டிருக்கும். பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 24ஆம் அறையில் எழுத்தாளர்கள் ஹ்யூகோ, ஜோலா, டூமா மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். கியூரி தம்பதியர் 8ஆம் அறையில். அறை எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

குவிமாடத்தைச் சுற்றியுள்ள தூண்வரிசைக்கு ஏற 206 படிகள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும், தனிச்சீட்டும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

கேள்வி: நடன, பாடல் கலைஞர் ஜோசபின் பேக்கரின் உடல் அங்கேதான் இருக்கிறதா?

பதில்: இல்லை, மொனாக்கோவில்தான். 2021இல் இங்கே வைத்த பேழையில் அவர் வாழ்ந்த இடங்களின் மண் இருக்கிறது.

கேள்வி: இத்தனை பெரிய கட்டடத்தில் சுவரில் ஜன்னலே இல்லையே, ஏன்?

பதில்: இருந்தன. பதினைந்தாம் லூயியின் நேர்த்திக்கடனாக எழுந்த தேவாலயம் இது. கட்டடக் கலைஞர் சூஃப்லோ இதை வெளிச்சம் நிறைந்த கூடமாகத்தான் வரைந்தார். 1791இல் அதைப் பெரியோர் நினைவிடமாக மாற்றியபோது கீழ் ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். வெளியே நின்று சுவரை உற்றுப் பாருங்கள். அடைத்த சட்டங்களின் தடம் தெரியும். சூஃப்லோ செய்த இன்னொரு வேலைதான் பின்னால் தலைவலியானது: கல்லுக்குள் இரும்புக் கம்பிகளைப் பதித்தார். ஈரம் இறங்க, இரும்பு துருவேறிப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்தது.