முப்பது பேருக்குச் சமையல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. போன சனிக்கிழமை பிள்ளைகளோடு ஆர்ச்சர்ட் சாலை விளக்கு அலங்காரம் பார்க்கப் போயிருந்தோம். கரடிப் பொம்மை, கலைமான், மிட்டாய், கடன் அட்டை விளம்பரம் எல்லாம் இருந்தன. நாங்கள் நடந்த வழியில் ஒரு மாட்டுத்தொழுவம் கண்ணில் படவில்லை. ஏழு வயது மகள், "கிறிஸ்துமஸ் சாண்டாவோட பர்த்டேயா அப்பா?" என்று கேட்டாள். சண்டே ஸ்கூல் போகிற பிள்ளை. எனக்கு அவமானமாகிவிட்டது.

சபையிலும் பரிசுப் பரிமாற்றத்தில்தான் எல்லாருக்கும் கவனம். கார்டுகளில் கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிட்டு 'எக்ஸ்மஸ்' என்று போடுகிறார்கள். டிசம்பர் 25 ரோமர்களின் சூரியப் பண்டிகை என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வருடா வருடம் அனுப்புகிறார். அதனால் இந்த முறை பரிசுகளை அடியோடு நிறுத்திவிட்டோம். 24ஆம் தேதி இரவு சொந்தபந்தங்களை அழைத்து ஜெபம், பாட்டு, சாப்பாடு என்று வீட்டிலேயே அர்த்தத்தோடு கொண்டாடப் போகிறோம். முப்பது பேர் வருகிறார்கள். நல்லவேளையாக எங்கள் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரர், அவரும் கிறிஸ்தவர்தான், இந்த மாதிரி விருந்தென்றால் சளைக்காமல் செய்வார்.

எல்லாம் வியாபாரமாகிவிட்ட காலத்தில் கிறிஸ்துமஸின் உண்மையான அர்த்தத்தை எப்படிக் காப்பாற்றுவது? நீங்களும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்,
செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

தம்பி என்று கூப்பிடலாம்தானே? உங்கள் மகள் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 'எக்ஸ்மஸ்' என்பதில் யாரும் கிறிஸ்துவை எடுக்கவில்லை. கிறிஸ்து என்ற சொல்லைக் கிரேக்கத்தில் எழுதினால் முதல் எழுத்தே பெருக்கல் குறி மாதிரிதான் இருக்கும். பழைய காலத்துச் சாமியார்கள் ஏடு எழுதும்போதே அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். டிசம்பர் 25? பைபிளில் தேதியே கிடையாது. ரோமாபுரியில் அந்தத் தேதியில் கொண்டாடியதற்கு 4ஆம் நூற்றாண்டில்தான் குறிப்பு கிடைக்கிறது. அதனால் என்ன? என் அப்பாவின் அடையாள அட்டையில் இருந்த பிறந்த தேதி ஏதோ ஒரு குமாஸ்தா உத்தேசமாகப் போட்டது. அதற்காக அவர் பிறக்காமல் போய்விடவில்லை. அந்த வாட்ஸ்அப்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆர்ச்சர்ட் சாலை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை. 1984இல் அந்த விளக்குகளைப் போட ஆரம்பித்ததே சுற்றுப்பயணிகள் வரவேண்டும், கடைகளில் கூட்டம் சேரவேண்டும் என்பதற்குத்தான். 2018இல் டிஸ்னி பொம்மைகளோடு அலங்காரம் வந்தபோது சிங்கப்பூர் தேசிய தேவாலய மன்றம் சுற்றுலாக் கழகத்துக்குக் கடிதமே எழுதியது. அவர்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. மீதி எண்பது சொச்சம் பேரும் நடக்கிற தெரு அது. அங்கே தொழுவம் இல்லையே என்று கலங்குகிற ஆள் தன் வீட்டு மேஜையில் ஒன்று வைத்துவிட்டால் போயிற்று.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். 'நல்லவேளையாக.'

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் லக்கி பிளாசா கடைத்தொகுதியில் இருந்தேன். நீங்கள் பிள்ளைகளோடு நடந்த அதே ஆர்ச்சர்ட் சாலையில்தான் இருக்கிறது. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போனவன், ஒரு பிலிப்பீன்ஸ் பெண் அட்டைப்பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றுவிட்டேன். இடுப்புயரப் பெட்டி. சோப்பு, ஷாம்பு, டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, சாக்லேட், துண்டுகள். கடைசியில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ. அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பென்சிலால் ஒரு பிள்ளையின் பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டிய காகிதம். அதை ஷூவுக்குள் விட்டு, விரலால் முனையை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கப்பல் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. தலையை ஆட்டிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தார்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் பாலிக்பயான். மலாயில் பாலிக் என்றால் திரும்புவது என்று நமக்குத் தெரியும். அவர்கள் பாஷையிலும் அதேதான். ஊர் திரும்புகிறவர் பெட்டி. ஆள் இங்கேயே இருக்க, பெட்டி மட்டும் திரும்புகிறது. செப்டம்பர் பிறந்தாலே அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலம்தான். கடல்வழியாகப் போவதால் அக்டோபரிலேயே அனுப்பினால்தான் பண்டிகைக்குக் கிடைக்கும். வியாபாரமா என்றால் வியாபாரம்தான். மொத்தமும் கடையில் காசு கொடுத்து வாங்கியது. அந்த ஷூவைப் பார்த்த பிறகு, வாங்குவதையும் கொடுப்பதையும் பற்றி யாராவது பிரசங்கம் செய்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இந்த யோசனையிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் சூடாக எழுதினால் அதுதான் காரணம்.

பரிசை நிறுத்திவிட்டோம் என்கிறீர்கள். அதில் உங்களுக்குப் பணம் மிச்சம். விருந்து யார் கணக்கில் நடக்கிறது? முப்பது பேருக்குப் பிரியாணி, குழம்பு, கட்லெட், இனிப்பு. முதல் நாளே வெங்காயம் உரிக்க உட்காரவேண்டும். இரவு பதினொன்றரைக்கு நீங்கள் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டுப் பாடும்போது அவர் சிங்க்கில் நிற்பார். காகிதத் தட்டு வாங்கிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். பிரியாணி அண்டாவைக் காகிதத்தில் செய்ய முடியாது. அவர் கை காயும்போது இரண்டு மணி ஆகியிருக்கும். 'அவரும் கிறிஸ்தவர்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சமையலுக்கு உதவும் தகுதியாக அல்லவா எழுதியிருக்கிறீர்கள்! அவர் கிறிஸ்தவர் என்றால் அன்றைக்கு அவருக்கும் கிறிஸ்துமஸ், தம்பி.

அநேகமாகக் கத்தோலிக்கராக இருப்பார். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் தொடர்ந்து பூசைக்குப் போவது அவர்கள் ஊர் வழக்கம். சிம்பாங் காபி என்பார்கள். (நாம் குடிக்கிற காப்பி இல்லை. இரவு என்று அர்த்தம்.) இங்கேயும் சில தேவாலயங்களில் நடக்கிறது. 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவர்களுக்குப் பண்டிகையின் உச்சம். நீங்கள் முப்பது பேரைக் கூப்பிட்டிருப்பது சரியாக அந்த நேரத்துக்கு. அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சட்டப்படி உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. அதனால் உங்களுக்கும் உங்கள் அலுவலகத்து நண்பர்களுக்கும் கிடைக்கிற சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை அவருக்குக் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது கொடுத்தே தீரவேண்டும், காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்று விதி வந்தது. டிசம்பரில் வேறொரு ஞாயிறு கொடுத்திருப்பீர்கள். மனிதவள அமைச்சு உங்கள் கதவைத் தட்டாது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். செம்பவாங்கில் கடற்படைத் தளம் பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த காலம். ஓர் அதிகாரி வீட்டில் அம்மா ஆயா வேலை பார்த்தார். ஆயா என்று பேர்தான், சமையலும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலை ஆறு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருவார். அப்பா எங்கள் நாலு பேரையும் கோயிலுக்குக் கூட்டிப் போவார். அம்மா கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்ததாக என் சின்ன வயது நினைவு ஒன்றுகூட இல்லை. அவர் அந்த நேரத்தில் வேறொருவர் வீட்டுக் கிறிஸ்துமஸைச் சமைத்துக்கொண்டிருந்தார். புடிங்கைத் துணியில் கட்டி மணிக்கணக்காக ஆவியில் வைக்கவேண்டும், தண்ணீர் வற்றவிடக் கூடாது என்பார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருக்கும்.

இரவு வரும்போது எண்ணெய்க் காகிதத்தில் கேக் துண்டுகள் கொண்டுவருவார். மேலே இருந்த சர்க்கரைப் பூச்செல்லாம் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தை நக்குவதற்கு எங்களுக்குள் சண்டை. இன்னொன்றும் கொண்டுவருவார், காகிதக் கிரீடம். இரண்டு பேர் இழுத்தால் டப்பென்று வெடிக்கிற குழலுக்குள் இருக்குமே, அந்த மெல்லிய ஊதாக் காகிதம். துரைமார் சாப்பாட்டு மேஜையில் தலையில் வைத்துக்கொண்டு, அப்புறம் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவை. அம்மா அவற்றைக் கசங்காமல் மடித்துக் கொண்டுவந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எங்கள் தலையில் ஒவ்வொன்றாக வைப்பார். என் கிரீடத்தின் உள்பக்கம் தலைமுடிக்குப் பூசுகிற பிரில்கிரீம் வாசம் அடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தலையின் வாசம். பல வருடங்களுக்கு எனக்குக் கிறிஸ்துமஸ் வாசம் என்றால் அதுதான்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் 26ஆம் தேதி. பாக்சிங் டே அப்போது பொது விடுமுறை. அன்றைக்கு அம்மாவுக்கு லீவு, அப்பாவுக்கும் லீவு. கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள். 1968இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசமும் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளும் போயின, கூடவே பாக்சிங் டேயும் போயிற்று. நாட்டுக்கு அது தேவையாகத்தான் இருந்தது, வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று தெரிந்துவிட்ட வருடம். ஆனால் அதற்கப்புறம் அம்மாவுக்கு 25 வேலை, அப்பாவுக்கு 26 வேலை. கோழிக்குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

அந்தத் துரைசானி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், எங்களுக்குப் பென்சில் டப்பா அனுப்புவார். பக்தியுள்ளவர்தான், உங்களைப் போலவே. 'மரியாவும் கிறிஸ்டியன்தான்' என்று விருந்தாளிகளிடம் சந்தோஷமாகச் சொல்வாராம். அம்மாவின் பெயர் மரியா இல்லை. கூப்பிட வசதியாக அவர் வைத்தது.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998. அங் மோ கியோ வீட்டில் இருந்தோம். எங்களிடமும் பிலிப்பீன்ஸிலிருந்து ஒரு பெண் வேலைக்கு இருந்தார், இருபத்தாறு வயது. 24ஆம் தேதி காலையில், "சார், இன்றைக்கு ராத்திரி பூசைக்குப் போகலாமா?" என்று கேட்டார். பதினெட்டுப் பேர் வருகிறார்களே என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நாளைக்குப் போங்களேன், முழு நாளும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். தாராளமாகக் கொடுத்ததாக நினைப்பு. சரி சார் என்றார். நள்ளிரவு தாண்டி ஐஸ் எடுக்க அடுப்படிக்குப் போனேன். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் ஒரு தட்டு. அதில் ஒரு துண்டு கோழி, கொஞ்சம் நூடல்ஸ், பக்கத்தில் சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சீஸ் வாங்கியதில்லை. அவர் காசில் வாங்கி எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார். நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மெர்ரி கிறிஸ்துமஸ் சார்" என்றார்.

நான் ஐஸை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அப்போது ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

நான் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை, ஆனாலும் பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வருடத்துக்கு ஒருமுறை படிப்பேன். நற்செய்தி முதலில் யாரிடம் வந்தது? ராத்திரி வேலையில் இருந்த மேய்ப்பர்களிடம். மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? கிளம்பிப் போய்விட்டார்கள். ஆடுகளை யார் பொறுப்பில் விட்டுப் போனார்கள் என்று லூக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டுக்குச் சொந்தக்காரன் மறுநாள் காலையில் என்ன கத்து கத்தினான் என்பதையும் சொல்லவில்லை. நான் அந்தச் சொந்தக்காரனைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகளின் கேள்வி விட்டுப்போயிற்று. ஏழு வயதுக்கு சாண்டாவின் பிறந்தநாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், நான் பத்து வயது வரை பிரில்கிரீமின் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று இரவே அந்தப் பெண்ணிடம் எந்தக் கோயிலுக்குப் போவார், பூசை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வேண்டாம் மேடம், பரவாயில்லை சார் என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாம் முறையும் கேளுங்கள். முப்பது பேரில் பாத்திரம் கழுவத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள், இல்லாவிட்டால் நீங்கள் இருக்கிறீர்கள். பிரியாணிக்குத் தேக்கா பக்கம் வெளியே சொல்லிவிடுங்கள். மற்ற நாளென்றால் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். கிறிஸ்துமஸ் நேரம், எல்லாரும் ஆர்டர் கொடுப்பார்கள், இந்த வாரமே சொல்லி வையுங்கள்.