புது டெஸ்க்டாப்: பிராண்டட் வாங்கலாமா, அசெம்பிள் செய்யலாமா?

கேட்கப்பட்டது இது: 2017-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், ஐ3 ஏழாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. பகலில் அப்பா டேலியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார், மாலையில் விஸ்காம் படிக்கும் மகன் வீடியோ எடிட் செய்கிறான். ஊர் தாராபுரம். மானிட்டர், கீபோர்டு பழையதே போதும். 60,000 ரூபாய்க்குள் பிராண்டட் வாங்கலாமா, அசெம்பிள் செய்யலாமா?

கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு அசெம்பிள். அதுவும் உள்ளூரில், பிரச்சினை என்றால் நேரில் போய் நிற்கக்கூடிய ஒரு கடையில், ஒவ்வொரு பாகத்தையும் மாடல் பெயரோடு நீங்களே சொல்லி மாட்ட வையுங்கள். டேலி மட்டும்தான் என்றிருந்தால் பிராண்டட் பக்கம் கை காட்டியிருப்பேன். மகனின் எடிட்டிங்தான் தீர்ப்பை மாற்றுகிறது.

பெரும்பாலானவர்கள் விலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அசெம்பிள் என்றாலே மலிவு என்பது பழைய கணக்கு. முழு கம்ப்யூட்டருக்கும் 18 சதவீத ஜிஎஸ்டிதான், பிராசஸர், மதர்போர்டுக்கும் அதேதான். பிராண்டட் மெஷினின் விலைக்குள் ஒரிஜினல் விண்டோஸ் அடங்கிவிடும், சில மாடல்களில் எம்எஸ் ஆபீஸும் கூடவே வரும். அசெம்பிள் மெஷினுக்கு விண்டோஸைத் தனியாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு ஆகும். கடைக்காரர் பென்டிரைவைச் செருகி "ஆக்டிவேட் பண்ணியாச்சு சார்" என்று தருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலு பேரின் ஜிஎஸ்டி கணக்கும் பேங்க் லாகினும் இருக்கும் மெஷினில் எங்கிருந்தோ வந்த கிராக்கை (திருட்டு ஆக்டிவேஷன் மென்பொருளை) ஓட விடுவது வீட்டுச் சாவியை ஊரான் கையில் கொடுப்பதுதான். பழைய கம்ப்யூட்டருக்கு அப்போதே ரீடெயில் லைசென்ஸ் (விண்டோஸை மட்டும் தனியாக வாங்குவது) வாங்கியிருந்தால் அதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் லைசென்ஸ் (ஒரே மெஷினோடு கட்டிப்போட்டுத் தருவது) என்றால் அது பழைய போர்டோடு போய்விடும்.

அதற்கு மேல் ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. உலகத்துக்கே மெமரி செய்யும் பெரிய கம்பெனிகள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றுதான். அதில் மைக்ரான், வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் பழைய ரேமைப் பாருங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மெமரி பக்கத்தில் ரேம் டிடிஆர்3 தலைமுறையா டிடிஆர்4-ஆ என்று காட்டும். ஏழாவது ஜெனரேஷன் என்றால் பெரும்பாலும் டிடிஆர்4-ஆக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து எச்110 போர்டுகளில் டிடிஆர்3 வகையும் விற்றது. டிடிஆர்4 என்றால் அந்த 8 ஜிபி இன்றைக்குக் காசு. இன்டெலின் 12, 13, 14-வது ஜெனரேஷன் பிராசஸர்களுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. டிடிஆர்4 போர்டாகக் கேட்டு வாங்கினால் பழைய ரேமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்து 16 ஆக்கிவிடலாம். பழைய குச்சியின் வேகத்துக்குப் புதியதும் இறங்கி ஓடும், உங்கள் வேலைக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

பிராண்டடை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் புரியும். அலுவலகத்துக்கென்று விற்கிற ஒல்லியான மாடல்களில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி) 180 வாட், 200 வாட் என்றுதான் இருக்கும். அந்த மெஷினுக்கு அது போதும், தரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு (திரைப் படம், வீடியோ வேலையைச் சுமக்கும் தனிப் பாகம்) போகும் தனி பவர் வயர் கிடையாது. கேபினட் ஒல்லி என்பதால் குட்டைக் கார்டுகள் மட்டும்தான் உள்ளே நுழையும். சரி, பெரிய எஸ்எம்பிஎஸ் மாற்றிவிடலாம் என்று பார்த்தால், கடையில் கிடைக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் 24 பின், அந்தக் கம்பெனியின் போர்டில் அவர்களுடைய சொந்த வடிவக் கனெக்டர். போர்டை மாற்றலாம் என்றால் திருகு ஓட்டைகள் பொருந்தாது. கடைசியில் பிராசஸரையும் ரேமையும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடும்படி ஆகிறது. டேலிக்கு மட்டும் வாங்குகிறவருக்கு இந்த நிலைமையே வராது. எடிட்டிங் கற்கிற பையன் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வரும். இரண்டாம் வருஷம் கலர் கிரேடிங், மோஷன் கிராபிக்ஸ் என்று போவான், அப்போது கார்டு கேட்பான்.

இனி கடைக்காரர் தரும் கொட்டேஷன். ஏமாற்றமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, 450 வாட் கேபினட்" என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். படிக்க நன்றாக இருக்கும், தகவல் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. 2011-இல் வந்த ஐ5-2400-உம் ஐ5தான், 2024-இல் வந்த ஐ5-14400-உம் ஐ5தான். ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு விற்கும் "ஐ5 முழு செட்" பலவற்றில் இருப்பது அந்த இரண்டாவது, மூன்றாவது ஜெனரேஷன் பிராசஸர்தான், புதுப் பளபளப்போடு வந்த ஏதோ ஒரு எச்61 போர்டில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் கேட்பது எட்டாவது ஜெனரேஷனும் அதற்கு மேலும். அதை வாங்கினால் இப்போது இருப்பதைவிடப் பழையதைப் புதிதாக வாங்கியவர் ஆவீர்கள்.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஐ5-12400 வேறு, 12400எஃப் வேறு. 'எஃப்' போட்டதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் மாட்டினால் திரையில் படமே வராது. கொஞ்சம் விலை குறைவு என்று கடைக்காரர் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார், கூடவே ஓட்டைக் கார்டு ஒன்றையும் சேர்ப்பார். எஃப் இல்லாததை வாங்குங்கள். செல்போனில் எடுக்கும் எச்265 வீடியோவை டைம்லைனில் திக்காமல் ஓட்ட இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் குவிக்சிங்க் என்ற பகுதி நன்றாக உதவுகிறது. எஃப் மாடலில் அது இருக்காது. முதல் ஒரு வருஷம் கார்டு இல்லாமலே பையன் ஓட்டிவிடலாம்.

அப்புறம் அந்த "450 வாட்". கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாகக் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான், ஆகவே வெளியே 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் உங்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது அந்த 192-ஐ ஒட்டித்தான். இது போகிற நாளில் தனியாகப் போவதில்லை, சில சமயம் போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். கேபினட்டைக் காலியாக வாங்கி, 550 வாட் அளவில், 80 பிளஸ் பிரோன்ஸ் (80 Plus Bronze) என்ற தர முத்திரையுள்ள, தெரிந்த கம்பெனி எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்கள். கலர் லைட் எரியும் கேபினட்டுக்குப் போகிற காசை இதில் போடச் சொல்லிப் பையனிடம் சண்டை போடலாம், தப்பில்லை.

வாரண்டி விஷயத்தில் பிராண்டட்தான் மேல், அதை மறைக்க மாட்டேன். மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் ஒரு போன், அவர்கள் ஆள் வந்து எது போச்சோ அதை மாற்றுவார். அசெம்பிளில் எது போச்சு என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. பிறகு போர்டு ஒரு கம்பெனி, எஸ்எஸ்டி ஒரு கம்பெனி என்று அலைய வேண்டும். அதனால்தான் வீட்டில் பையன் மாட்ட வேண்டாம் என்றும், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வரை போய்ச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். உள்ளூர்க் கடைக்காரர் வாங்கும் லாபம் இந்த அலைச்சலுக்கான கூலி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டியோடு ஏற வேண்டும். பிராசஸர் சீல் பிரிக்காத பெட்டியில் வரட்டும், அதற்குக் கம்பெனியே மூன்று வருஷம் வாரண்டி தரும். பெட்டி இல்லாமல் ட்ரேயில் எடுத்துத் தருவதற்கு அது கிடையாது, விற்றவர் வாயைத்தான் பார்க்க வேண்டும். போர்டின் சாக்கெட் மேல் மூடியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக்கை மாட்டும்போது கழற்றிக் கீழே போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லாமல் பின் வளைந்திருந்தால் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை, பிராண்டட்தான் என்றால், ஒல்லி மாடலை விட்டுவிட்டு டவர் மாடலாகப் பாருங்கள். தாராபுரம் பின்கோடுக்கு ஆன்சைட் சர்வீஸ் உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றை 8 ஜிபி ரேம் போட்டிருந்தால் இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு யோசனையும் வரலாம். பழையதை அப்பாவின் டேலிக்கு விட்டுவிட்டு மகனுக்கு மட்டும் புதியது என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, கணக்கு எழுதும் மெஷின்தான் முதலில் மாற வேண்டியது. வேண்டுமானால் கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றை, எட்டாவது ஜெனரேஷனுக்குக் குறையாமல், அப்பாவுக்கு ரீஃபர்பிஷ்டாக வாங்கலாம். டேலிக்கு அது தாராளம். ஆனால் அப்படிப் பிரித்தால் பையனுக்கு மிஞ்சுவது குறையும், பழைய ரேம் கைகொடுத்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

உங்கள் 60,000-இல் யுபிஎஸ்ஸுக்கும் ஒதுக்குங்கள். வீட்டில் இருப்பது 600 விஏ என்றால் அது தருவது 360 வாட் சுமார், இப்போதைக்குப் போதும். கார்டு போடும்போது 1,000 விஏ பக்கம் போக வேண்டிவரும். புது மெஷினை வைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் மெஷினில் ஒன்றும் இருக்காது, சுவரில் எர்த் வயர் இருக்காது.